பெங்களூருக்கும் திருச்சிக்கும் நடுவே ஒரு நூல்

சம்மந்தி,

இன்று காலையில் மிளகு காயப் போட்ட பாயின் மேல் உங்கள் ஏரோப்ளேனின் நிழல் ஓடியது. உங்கள் ஏரோப்ளேன் என்று நான்தான் சொல்கிறேன். வெள்ளைக்காரனைக் கேட்டால் அவனுடையது என்பான். சேலத்துப் பக்கமிருந்து வந்த நிழல் கூரை மேல் ஏறி, பாயில் இறங்கி, நான் குனிந்து ஒரு கை மிளகைப் புரட்டுவதற்குள் வேலி தாண்டிப் போய்விட்டது. கோழிகள் மிளகை மிதித்துக்கொண்டு நாலாபுறமும் ஓடின. சிதறியதைப் பொறுக்கிக்கொண்டே வாய்க்கு வந்தபடி திட்டினேன். உங்களைத்தான் திட்டினேன். ஏரோப்ளேனைத் திட்டி என்ன பிரயோசனம், அது அந்நேரம் திருச்சியை நெருங்கியிருக்கும்.

முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்ட உடனே எதிர்க்கரையிலிருந்து உங்கள் குரல் வரும். "பெங்களூரு வண்டிங்கோ!" என்று, என்னவோ நீங்களே கயிறு கட்டி இழுத்துப் போகிற மாதிரி. "எங்களுக்கும் கண்ணு இருக்குதுங்க, போயி வேலையைப் பாருங்க" என்று நான் திருப்பிக் கத்துவேன். இன்றைக்கு நான் மட்டும் திட்டிக்கொண்டு நின்றேன். ஒருத்தனே சண்டை போடுவது எவ்வளவு கடுப்பான காரியம் தெரியுமா? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் கிளாஸிலேயே எனக்கும் வாத்தியாருக்கும் ஒத்து வராமல் போய்விட்டது. உங்களுக்கோ ஓர் எழுத்தும் தெரியாது. எழுத வராத ஒருவன் படிக்க வராத ஒருவருக்குக் கடுதாசி எழுதுகிறேன். நல்ல ஜோடி.

நம்மைப் போல ஒரு கூத்தான சம்மந்தம் இந்த மலையிலேயே இருந்திருக்காது. நான் ஆலத்தூர் நாடு, நீங்கள் பெரக்கரை நாடு. நடுவில் ஒரே ஒரு பள்ளம். உங்கள் ஊட்டு அடுப்பில் புகை எழும்புவது என் வாசலில் நின்றால் தெரியும். உங்கள் மாடு கத்தினால் என் மாடு பதில் சொல்லும். ஆனால் நடந்து வர வேண்டுமென்றால் மேட்டைச் சுற்றி, காட்டைச் சுற்றி, ஆற்றின் தலைமாட்டில் கடந்து, காலையில் கிளம்பியவன் உச்சி சாய்ந்துதான் உங்கள் வாசலில் தண்ணீர் கேட்பான். கண்ணுக்குப் பக்கம், காலுக்குத் தூரம். இதை யாரிடம் போய்ச் சொல்லி முட்டிக்கொள்வது?

பெண்ணைக் கூப்பிடு தூரத்துக்கு அப்பால் கொடுப்பதில்லை என்பது நம் இரண்டு ஊருக்கும் பழக்கம். மாப்பிள்ளையின் தகப்பன் அவன் ஊர்ப் பாறையில் ஏறிக் கூப்பிட வேண்டும். பெண்ணின் தகப்பன் இவன் பாறையில் நின்று பதில் கொடுக்க வேண்டும். குரல் கேட்டால்தான் வெற்றிலை மாற்றுவது. உங்கள் மகனுக்கு என் செல்லாயியைக் கேட்ட அன்றைக்கு நீங்கள் பாறையேறிக் கூப்பிட்டீர்கள். எனக்கு நன்றாகக் கேட்டது. நான் காதைச் சாய்த்துக்கொண்டு, கேட்காதவன் மாதிரி நின்றேன்.

"ஏனுங்க! கேக்குதுங்களா?"

பெண்டுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் வீட்டுக்காரிக்குத்தான் பொறுக்கவில்லை.

"பாவமுங்க, அந்த மனுசனுக்குத் தொண்டை கிழியுது. ஒரு வார்த்தை பேசுங்க."

"இன்னுங் கொஞ்சம் கத்தட்டும். பொண்ணு என்ன சும்மாவா வருது?"

கடைசியில் உங்கள் குரல் வந்தது பாருங்கள்: "கேக்கலைன்னா உங்க பொண்ணும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்! நான் ஊட்டுக்குப் போறேன்!"

"கேக்குதுங்க, கேக்குதுங்க!" என்று நான் அலறியதில் இரண்டு மேட்டிலும் சிரிப்பு. அன்றைக்கு ஆரம்பித்த சண்டைதான். அப்புறம் ஒரு நாளாவது கூப்பிடாமல் விட்டிருப்போமா? மழை வருமா என்று கேட்பதற்கும், கரடி சாமையை மேய்ந்துவிட்டது என்று சொல்வதற்கும், ஒன்றும் இல்லாவிட்டால் "சாப்பிட்டீங்களா" என்பதற்கும்.

அப்புறம் யுத்தம் வந்தது. திருச்சியில் ஏரோப்ளேன் இறங்குகிற மைதானம் போடுகிறார்கள், மண் சுமக்க ஆள் வேண்டும் என்று அடிவாரத்துக் காரவள்ளிச் சந்தைக்கு ஒரு மேஸ்திரி வந்து நின்றான். மலையை விட்டு இறங்கினாலே மூச்சு முட்டுகிறது என்பவர் நீங்கள். என்ன தோன்றியதோ, கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் பின்னாலேயே போய்விட்டீர்கள். திரும்பி வந்தபோது ஆள் பாதியாகியிருந்தீர்கள். பேச்சு மட்டும் இரண்டு மடங்கு.

அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரையின் கூடாரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனீர்களாம். மேசை மேல் பெரிய காகிதம் விரித்து, ஒரு முனையில் பெங்களூர், மறுமுனையில் திருச்சி என்று ஊசி குத்தி, இடையில் ஒரு நூலை இழுத்துக் கட்டியிருந்தாராம். ஏரோப்ளேன் அந்த நூல் மேலேயேதான் போகுமாம். நூலுக்கு அடியில் கறுப்பாக ஏதோ இருந்ததைப் பார்த்து மேஸ்திரியை விசாரித்திருக்கிறீர்கள். அவன், "அதா? கொல்லிமலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவ்வளவுதான். அந்த ஒற்றை வார்த்தையில் உங்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

"நூலு நம்ம மலை மேலதானுங்க விழுது" என்பீர்கள். சாவு வீட்டில் சொல்வீர்கள். கல்யாண வீட்டில் சொல்வீர்கள். சாமி கும்பிடப் போன இடத்தில் பூசாரியிடம் சொன்னீர்கள்.

காரவள்ளியில், பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய அந்தக் கரிவாயு பஸ்ஸின் கண்டக்டரிடம் மாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? நான் உப்பு மூட்டையைத் தலைக்கு ஏற்றத் தயாராக நின்றிருந்தேன். பஸ்ஸோ புகையை விட்டுக்கொண்டு நகர மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் அவரிடம் ஆரம்பித்துவிட்டீர்கள்.

"பெங்களூருக்கும் திருச்சிக்கும் ரோட்டு மைலு வேறங்க, ஆகாய மைலு வேறங்க."

"மைலுன்னா மைலு. அதுல என்னங்க ரெண்டு தினுசு?" என்றார் கண்டக்டர்.

"ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகுதுங்க. ஆகாயத்துல வளைவு இல்லீங்க. அதனால மைலு கொறைஞ்சு போகுது. ரயில்ல ஒரு ராத்திரி உக்காந்து போறதை அவன் ஒரு மணி நேரத்துக்கு மேல கொஞ்சத்துல தாண்டிர்றானுங்க."

நான் சும்மா இருப்பேனா? "கொறைஞ்ச மைலெல்லாம் எங்க போச்சுங்க சம்மந்தி? துரை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டானா?"

நீங்கள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "நம்ம கால்லதான் இருக்குதுங்க" என்றீர்கள்.

கண்டக்டர் என் தலைச் சுமையைப் பார்த்தார், உங்கள் காலைப் பார்த்தார். "அப்ப அவன் மிச்சம் புடிக்கற மைலையெல்லாம் நீங்கதான் நடக்கறீங்களாக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற வழியெல்லாம் உங்களைப் பிடுங்கி எடுத்தேன். நூல் நம் மேல் விழுந்தால் என்ன, உப்பு விழுமா? மண்ணெண்ணெய் விழுமா? பெங்களூர்க்காரனுக்கும் லாபம், திருச்சிக்காரனுக்கும் லாபம். நடுவில் கிடக்கிற நமக்குச் சத்தம் மட்டும்தானே என்று கேட்டேன். நீங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்ததில் ஒரு வேரில் தடுக்கி விழுந்தீர்கள். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "நம்ம ரெண்டு ஊருக்கும் ஒரு நூலு புடிச்சா என்னங்க?" என்று கேட்டீர்கள். பித்து அடுத்த படிக்கு ஏறிவிட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த நூல் வழியைப் பற்றித்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் பாறையிலிருந்து என் பாறைக்கு நேராகக் கையை நீட்டி, பள்ளத்தில் இறங்கி ஆற்றைத் தாண்டி ஏறினால் ஒரு சோறு வேகிற நேரத்தில் சம்மந்தி வீடு என்று கணக்குப் போட்டீர்கள். செல்லாயி நினைத்தால் காலையில் வந்து தாயைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் போய்விடலாம் என்றீர்கள். அந்த ஒரு சொல்லில் என் வீட்டுக்காரியைக் கவிழ்த்துவிட்டீர்கள். நானும் உள்ளுக்குள் கொஞ்சம் கவிழ்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் பக்கம் முழுவதும் ரிசர்வு காடு. ஒரு குச்சி ஒடித்தாலும் பாரஸ்ட் கார்டு கேஸ் எழுதிவிடுவான். இரண்டு நாட்டுக்கும் பெரியவர்களான பட்டக்காரர்கள் கூடிப் பேசினார்கள். வழி போட்டால் அதில் யார் மாடு வரும், யார் வெள்ளாமை போகும் என்று பேசிப் பேசிக் கலைந்தார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் சரி என்றும் சொல்லவில்லை. அதைப் போல எரிச்சல் உண்டா?

நீங்கள் மட்டும் அரிவாளை எடுத்துக்கொண்டு உங்கள் பக்கத்தில் இறங்கிவிட்டீர்கள். மழை விட்ட நாளெல்லாம் எதிர்க்கரையில் உங்கள் வெட்டுச் சத்தம் கேட்கும். "எதுவரைக்கும் வந்துட்டீங்க?" என்று கேட்டால், "வந்துட்டே இருக்கறேனுங்க" என்பீர்கள். "சுண்ணாம்பு குடுத்து உடட்டுங்களா, நூலு போட?" என்று கிண்டல் பண்ணுவேன். "உங்க வாய்க்கே ஒரு வழி வெட்டலாமுங்க" என்று பதில் வரும். பிறகு ஒரு நாள் வெட்டுச் சத்தம் நின்றது. முடித்துவிட்டார், இனி வேலை என் பக்கம்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். இல்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பள்ளம் முழுக்கக் கேட்கிற குரலை வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

கடைசியில் இருமல் வந்தது. அதையும் எனக்குச் சரியாகச் சொன்னீர்களா? "என்னங்க, குரலு கம்முது?" என்றால், "ரெண்டு மிளகு கடிச்சா போயிருமுங்க" என்றீர்கள். மிளகு விற்கிறவனிடமே மிளகு வைத்தியம்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு நிற்கிறேன். உங்கள் பாறையிலிருந்து குரல் வந்தது. உங்கள் குரல் இல்லை, மாப்பிள்ளையின் குரல்.

"மாமா! அப்பா போயிட்டாருங்க மாமா!"

அவன் பின்னால் செல்லாயி அழுகிற சத்தம், பக்கத்து வீட்டில் அழுகிற மாதிரி கேட்டது. "வாரேன் கண்ணு! வாரேன்!" என்று கத்தினேன். என் வீட்டுக்காரி நோன்புக்கு வாங்கி வைத்திருந்த புது வேட்டியை உங்கள் மேல் போர்த்தக் கோடியாக எடுத்துக் கொடுத்தாள். அவளுக்குப் பார்வை மங்கல், அவ்வளவு தூரம் நடக்க முடியாது. நான் மட்டும் கிளம்பினேன்.

சம்மந்தி, அந்தச் சுற்று வழி எப்படி ஆரம்பிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் ஆரம்பிக்கும். மகள் அழுகிறாள், நான் அந்தச் சத்தத்துக்கு முதுகு காட்டி எதிர்ப்பக்கம் நடக்க வேண்டும். கால் திரும்பவில்லை. இத்தனை வருசம் உங்கள் நூலைக் கிண்டல் பண்ணியவன், அன்றைக்கு முதல் தடவையாக நம்பினேன். உங்கள் பக்கம் வழி வெட்டியாயிற்று, என் பக்கம் இறங்கினால் போதும், சுற்றி வருகிற ஜனங்களுக்கு முன்னால் போய் நிற்பேன் என்று நேராகப் பள்ளத்தில் இறங்கிவிட்டேன்.

மூங்கில் முள் என்னை உரித்து எடுத்தது. உட்கார்ந்து உட்கார்ந்து சறுக்கினேன். ஆற்றைத் தாண்டும்போது கோடியைத் தலையில் கட்டிக்கொண்டேன். அந்தக் கரையில் ஏறிப் பார்த்தால் உங்கள் வழி எங்கே? நிமிர்ந்து பார்க்கிறேன், தெரிகிறது. என் தலைக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மொட்டைப் பாறை. அதன் உச்சியில் உங்கள் வழி வந்து நிற்கிறது. வெட்டின புல்லும், அடுக்கி வைத்த கல்லும், உட்கார்ந்து வெற்றிலை போட ஒரு பலகைக் கல்லும்கூட இருக்கிறது. அவ்வளவு அழகாக வெட்டிக்கொண்டு வந்து, பாறையோடு விட்டுவிட்டீர்கள். தாவினேன், வழுக்கினேன். காட்டுக்கொடியைப் பிடித்துத் தொங்கினேன், அது கையோடு வந்துவிட்டது. உங்களை அன்றைக்குத் திட்டிய மாதிரி உயிரோடு இருந்தபோதுகூடத் திட்டியதில்லை.

மேலே தப்பட்டை அடிப்பது எனக்குக் கேட்டது. "கீழ இருக்கறேனுங்க! நில்லுங்க!" என்று கத்தினேன். இந்த மேட்டில் நின்றால் அந்த மேட்டுக்குக் கேட்கும். பள்ளத்தில் நின்றால், பக்கத்திலேயே இருந்தாலும், ஆற்றுச் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. அவர்கள் என் பாறையைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரி, "அப்பவே கெளம்பிட்டாருங்க" என்று பதில் சொல்லியிருக்கிறாள். சுற்று வழியில் ஆள் அனுப்பித் தேடியிருக்கிறார்கள். இல்லாத வழியில் இருப்பவனை எங்கே தேடுவது? வெள்ளிக்கிழமை போன உடம்பைச் சனிக்கிழமைக்கு வைக்க முடியாது. முடிந்த வரை காத்திருந்திருக்கிறார்கள். பொழுது மேற்கே சாய்ந்ததும் தப்பட்டைச் சத்தம் இடம் மாறியது. நகர்ந்தது. உங்களைத் தூக்கிவிட்டார்கள் என்று பாறைக்கு அடியில் நின்றுகொண்டு தெரிந்துகொண்டேன்.

பாறையைச் சுற்றி மூங்கில் காட்டுக்குள் நுழைந்து நான் மேலே வந்து சேர்ந்தபோது எல்லாரும் குளித்துவிட்டு ஈரத் துணியோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். செல்லாயி என்னைப் பார்த்தாள். ரத்தமும் சேறுமாக நின்ற தகப்பனைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று பார்த்தால், ஆத்திரம்தான் முந்திக்கொண்டது.

"ஏனுங்கப்பா, ஊரே சுத்து வழியில வந்து சேந்துருச்சு. உங்களுக்கு மட்டும் என்ன, ஏரோப்ளேனா?"

முள் கிழித்த கோடியை உங்களைப் புதைத்த மண்மேட்டின் மேல் விரித்தேன். கை வைத்தால் மண் இன்னும் ஈரமாக இருந்தது. உங்கள் மீசையை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். ஏதாவது சொல்லி வம்புக்கு இழுத்துவிட்டு வந்திருப்பேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு உங்கள் பட்டக்காரர் என்னைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னார்.

"மொகம் பாக்காத சம்மந்தி தன்னோட ஊருப் பாறையில நின்னு ஒருக்காக் கூப்பிடோணுமுங்க. பதிலு வரலைன்னு காதால கேட்டுக்கிட்டு, அப்புறந்தான் தலை முழுகோணும். அப்பத்தான் தீட்டுக் கழியும்."

"சரிங்க" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இன்னும் கூப்பிடவில்லை.

இதனால் எனக்கு ஊரில் படாத பாடு. கோயிலில் திருநீறு கிடையாது. விசேஷத்துக்குப் போனால் இலையைத் தள்ளிப் போடுகிறார்கள். என் வீட்டுக்காரி தினமும் காலையில் ஆரம்பிக்கிறாள்: "ஒரு சத்தம் போட்டுட்டு வந்து தலைக்கு ஊத்திக்கங்க. உங்களுக்கு அது என்ன புதுசா? ஊரையே கத்திக் கெடுத்த வாய்தானுங்களே." காட்டுக்குப் போகிற அவசரம், தொண்டை சரியில்லை, காற்று எதிர்க்காற்று என்று ஏதாவது சாக்குச் சொல்கிறேன். அவளும் விடுவதில்லை.

அவளிடம் எப்படிச் சொல்வது சம்மந்தி? நான் கூப்பிட்டு நீங்கள் பதில் சொல்லாத நாள் கிடையாது. கோபத்தில் இருந்தால்கூட, "உங்ககூடப் பேச மாட்டேனுங்க!" என்று அந்தப் பக்கமிருந்து கத்துவீர்கள். இருமல் வந்த பிறகும் ஒரு "ம்ம்" ஆவது வரும். பாறையில் நின்று கூப்பிட்டு, ஒன்றும் வராமல், நானும் காது கொடுத்துக்கொண்டு நின்று, சரி இல்லை என்று திரும்பி நடக்க வேண்டுமாம். யார் போட்ட சட்டம் இது? உங்கள் முகத்தையும் காட்டவில்லை, இதை மட்டும் நான் செய்து கொடுக்க வேண்டுமா?

முடியாதுங்க. திருநீறு இல்லாவிட்டால் போகட்டும். இலையை எங்கே வேண்டுமானாலும் போடட்டும், சோறு ஒன்றுதான். அந்த ஒரு கூப்பாடு என் தொண்டையிலேயே இருக்கிறது. காரவள்ளியிலிருந்து சுமையோடு ஏறும்போது, மூச்சு வாங்குகிற இடத்தில், சில நாள் அது வாய்வரைக்கும் வந்துவிடுகிறது. எச்சிலைக் கூட்டி விழுங்கிக்கொண்டு நடக்கிறேன்.